குமரியில் மேப்பிள்: சட்டியில் வைக்கலாம், மண்ணில் வேண்டாம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மேப்பிள் வளருமா என்று எங்கள் வீட்டு முற்றத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். பூச்சட்டியில் வளரும். நிழலும் வடிகாலும் பார்த்து வைத்தால் அழகாகவே இருக்கும். ஆனால் கனடாவில் இருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் அக்டோபர் மாதம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற படங்களில் முழு மரமும் சிவந்து நிற்கிறதே, அந்தச் சிவப்பு இங்கே வராது. இதைத் தெரிந்துகொண்டு ஒருவர் வளர்த்தால் எனக்கு சந்தோஷம். தெரியாமல் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கி, விளையின், அதாவது தோட்டத்தின், நடுவில் குழி தோண்டி நட்டுவிட்டு, அடுத்த பங்குனியில் காய்ந்த குச்சியைப் பிடுங்கிப் போடுவதைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

மேப்பிள் என்றால் ஒரே மரம் இல்லை. ஏறக்குறைய 130 இனங்கள் இருக்கின்றன. கனடா கொடியில் இருக்கிற இலையும், பாகு எடுக்கிற மேப்பிளும் பெரிய காட்டு மரங்களின் வகை. நூறு அடி வரைக்கும் போகும். வீட்டுத் தோட்டத்துக்கு அழகுக்கு வைப்பது ஜப்பானிய மேப்பிள். விரித்த உள்ளங்கை போல ஐந்து, ஏழு, சிலதில் ஒன்பது விரல்கள் உள்ள சின்ன இலை. கார்ல் பீட்டர் துன்பெர்க் என்ற சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் 1775, 1776 ஆண்டுகளில் ஜப்பானில் தங்கியிருந்தபோது பார்த்து, பிறகு ஏசர் பால்மேட்டம் என்று அறிவியல் பெயர் வைத்தார். இதில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரகங்களை மனிதர்கள் தேர்ந்தெடுத்து ஒட்டுக்கட்டி வைத்திருக்கிறார்கள். சிவப்பு இலை, பச்சை இலை, நார் நாராகக் கிழிந்த இலை என்று விதவிதமாக. மெதுவாக வளரும், வேர் ஆழமாகப் போகாது, மேலாகவே சல்லி சல்லியாகப் பரவும். சட்டிக்கு இது நல்ல குணம்.

சரி, இங்கே ஏன் மண்ணில் வைக்கக் கூடாது? இந்த மரத்துக்கு ஒரு தூக்கம் வேண்டும். இலையை உதிர்த்துவிட்டு, ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழான குளிரில் பல நூறு மணி நேரம் கிடந்தால்தான் அதன் மொட்டுகள் அடுத்த பருவத்துக்கு ஒழுங்காக விழிக்கும். நாகர்கோவிலில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது. எங்கள் குலசேகரம் பக்கம் மலையடிவாரம், கொஞ்சம் குளிர்ச்சி. ஆனாலும் அந்தக் குளிருக்குப் பக்கத்தில்கூட வராது. குளிர் தவிர இன்னொரு விஷயமும் இருக்கிறது: பகலின் நீளம். நாம் இருப்பது 8 டிகிரி வடக்கில். வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். டோக்கியோவில் இது கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். பகல் சுருங்கச் சுருங்க, குளிர்காலம் வருகிறது, இலையைக் காலி செய் என்று மரத்துக்குத் தெரிகிறது. நம்ம ஊரில் அந்தச் செய்தியே அதற்குப் போய்ச் சேருவதில்லை.

எங்களுக்கு இந்தச் செடி வந்தது அத்தான் மூலமாக. அவர் ஊட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று தோவாளையில் வீடு கட்டிக்கொண்டு வந்தபோது, அங்கே தெரிந்தவர் கொடுத்த ஒட்டுக்கன்றுகள் இரண்டைக் கூடவே கொண்டுவந்தார். ஒன்று அக்கா வீட்டில், ஒன்று எங்கள் வீட்டில். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், குளிர்காலத்தில் உறைபனி விழுகிற இடம். அங்கிருந்து கீழே இறங்கிய செடிகள் ஒரே மாவட்டத்தில் இரண்டு வேறு வேறு இடங்களில் எப்படி இருந்தன என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

தோவாளையில் முதல் எதிரி காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தல் காற்றாலைகளும் இருக்கிற பகுதி. ஆனி, ஆடி மாதங்களில் அந்தக் காற்று இரவும் பகலும் ஓயாது. மேப்பிள் இலை ரொம்ப மெல்லிசு. காற்று இழுக்கிற வேகத்துக்கு வேரால் தண்ணீர் கொடுக்க முடியாது. முதலில் விரல் நுனிகள் பழுப்பாகின்றன, பிறகு அந்தப் பழுப்பு உள்ளங்கை வரை இறங்குகிறது, கடைசியில் இலை மொத்தமும் சுருண்டு அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அக்கா நாளுக்கு இரண்டு வேளை ஊற்றினாள். மண் ஈரமாகத்தான் இருந்தது. இலை காய்ந்துகொண்டே போனது. செடியைச் சமையலறைக்குப் பின்னால், காற்று படாத கிழக்கு மூலைக்கு மாற்றிய பிறகுதான் புதுத் துளிர் கருகாமல் நின்றது. ஆகவே இலை நுனி கருகினால் உடனே வாளியைத் தூக்க வேண்டாம். மண்ணுக்குள் இரண்டு விரல்கடை ஆழம் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் பிரச்சினை காற்றாகவோ வெயிலாகவோ உப்பாகவோ இருக்கும்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்ம மாவட்டத்தில் பாதிப் பேர் கடலோரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மேப்பிளுக்கு உப்பு ஆகவே ஆகாது. குளச்சல், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி பக்கம் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதை இந்தச் செடிக்கு ஊற்றாதீர்கள்; மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் இது, ஓட்டிலிருந்து வடிகிற தண்ணீருக்கு ஒரு டிரம் வைத்தால் ஒரு சட்டிக்குத் தாராளம். இன்னொரு உப்பு தென்னை நார்த் தூளில் வருகிறது. உப்பங்கழியில் ஊறப்போட்ட கதம்பையிலிருந்து (தேங்காய் மட்டையிலிருந்து) அடித்து எடுத்த தூளாக இருந்தால் அதில் உப்பு ஏறியிருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு மூன்று முறை திரும்பச் செய்த பிறகுதான் சட்டிக்குள் போட வேண்டும். சந்தேகமாக இருந்தால் பிழிந்த தண்ணீரில் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தாலே தெரியும்.

எங்கள் வீட்டில் இருக்கிற சட்டி மண் சட்டி, ஆழம் குறைவு, வாய் அகலம். சுற்றிலும் வேர் மேலாகப் பரவ இடம் இருக்கிறது. அடியில் பெரிய ஓட்டை, அதற்கு மேலே உடைத்த வெட்டுக்கல் துண்டுகள். மண்கலவையில் விளையின் செம்மண் ஒரு பங்கு, மூன்று விரல் நடுவே உருட்டினால் பொடிகிற அளவு மக்கின இலைமண் ஒரு பங்கு, கழுவின நார்த் தூளும் பொடிச் சரலும் சேர்ந்து ஒரு பங்கு. நம்ம செம்மண் இயல்பாகவே கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. மேப்பிளுக்குப் பிடித்ததும் அதுதான், அமிலகாரநிலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை. அதனால் சுண்ணாம்பு, சாம்பல் எதையும் கிட்டே கொண்டுபோக வேண்டாம். வீட்டுக்கு வெள்ளையடிக்கிற நேரத்தில் சட்டியைத் தூக்கி ஓரமாக வையுங்கள். சட்டி நேராகத் தரையில் உட்காரக் கூடாது. மூன்று செங்கல் வைத்து அதன்மேல் வைத்தால் அடியில் காற்று போகும், கரையானும் மண்ணிலிருந்து நேராக ஏறாது.

இடம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். காலை வெயில் ஒன்பது, ஒன்பதரை வரை. அதற்குப் பிறகு நிழல், ஆனால் இருட்டு இல்லை. கூரை இல்லாத, மேலே மரக்கிளை மறைக்கிற வெளிச்சம். எங்கள் வீட்டில் சட்டி இருப்பது ஒரு அயனிமரத்துக்குக் கிழக்கே. மேற்குச் சுவர் ஓரம் மட்டும் வேண்டவே வேண்டாம். மத்தியானம் முழுக்க வெயில் குடித்த வெட்டுக்கல் சுவர் ராத்திரி எட்டு மணிக்கும் வெக்கையை விட்டுக்கொண்டே இருக்கும். ராத்திரியிலாவது ஓய்வு கிடைக்கட்டும் என்றுதான் இந்தச் செடியை அந்தச் சுவரை விட்டுத் தள்ளி வைக்கிறோம். மாசி, பங்குனியில் மேலே ஒரு முடைந்த ஓலையைச் சாய்த்து வைத்துவிடுவேன். பச்சை நிழல்வலையும் போதும், ஓலைக்கு அடியில் குளிர்ச்சி கொஞ்சம் அதிகம் என்பது என் கணிப்பு.

சிவப்பு ரகம் வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாங்கும்போது இருக்கிற அந்தக் கருஞ்சிவப்பு இங்கே நிலைப்பதில்லை. புதுத் துளிர் நல்ல சிவப்பாகத்தான் வரும். வெக்கை ஏற ஏற அது செம்புநிறமாகி, பிறகு அழுக்குப் பச்சையாகிவிடும். முழு நிழலில் வைத்தால் இன்னும் சீக்கிரம் பச்சையாகும். நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம், செடி மாறிவிடவில்லை. ஆனால் ஒரு இடத்தில் மட்டும் நிஜமாகவே செடி மாறும். ஒட்டு இடத்துக்குக் கீழிருந்து ஒரு கம்பு கிளம்பி, பச்சை இலையோடு கிடுகிடுவென்று வளரும். எங்கள் செடியில் அப்படி ஒன்று வந்தபோது, என்ன ஒரு வேகம் என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். பக்கத்து விளையில் ரப்பர் பால் வெட்டுகிற பாட்டா ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு உள்ளேயே வந்துவிட்டார். குனிந்து அடித்தண்டைத் தடவி, ஒட்டுக்கட்டின வீக்கத்தைக் காட்டி, “மக்ளே, இது கீழ உள்ள காட்டுக் கம்பாக்கும். நம்ம ரப்பருலயும் இப்படித்தான் வரும். விட்டா மேல உள்ளதுக்கு வெள்ளம் (தண்ணீர்) கெடைக்காது. அடியோட கிள்ளிப் போடு” என்றார். மேப்பிளை வாழ்நாளில் அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. ரப்பர் ஒட்டுக்கன்றுகளோடு ஒரு ஆயுள் பழகினவருக்கு அது போதுமாக இருந்தது. அந்த வீக்கம் எப்போதும் மண்ணுக்கு மேலே தெரியும்படி வையுங்கள். இலைமண் போடும்போதும் அதை மூடிவிடாதீர்கள்.

உரத்தில் கஞ்சத்தனம் நல்லது. கைப்பிடி மண்புழு உரம், மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை. யூரியா போட்டால் தளதளவென்று ஒரு துளிர் வரும், முதல் வெயிலிலேயே அது கருகிப்போகும். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து சாயங்காலம் தெளித்தால் போகும்.

ஆனால் நத்தை அப்படிப் போகாது. சாரல் தொடங்கினதும் ஆப்பிரிக்க நத்தை விளைக்குள் எங்கிருந்தெல்லாமோ கிளம்பி வருகிறது. பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் சட்டியின் வெளிப்பக்கத்தில் மூன்று நான்கு, உள்விளிம்பில் ஒன்று, தண்டில் ஒன்று. தலையை நீட்டி இலையை விளிம்பிலிருந்து அறுத்துத் தின்கிற சத்தம்கூடக் கேட்கும். மெல்லிய மேப்பிள் துளிர் அதற்கு விருந்து. ஒரே ராத்திரியில் ஒரு கிளையை மொட்டையாக்கிவிடும். வெறும் கையால் அதைத் தொடக் கூடாது. எலிகளிடமிருந்து வருகிற ஒரு நூற்புழு அதன் உடம்பிலும் வழவழப்பிலும் இருக்கலாம், அது மனிதனின் மூளைச் சவ்வு வரைக்கும் போய்க் காய்ச்சல் உண்டாக்கக்கூடியது. குழந்தைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். நாங்கள் செய்வது இதுதான்: நனைந்த சாக்கை மடித்து, உள்ளே பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் தோலும் வைத்து, செடிகளிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுவிடுவோம். வாசனைக்கு அங்கே போய்ச் சேரும். காலையில் கையுறை போட்டு மொத்தமாக எடுத்து, உப்புக் கரைத்த வாளியில் போட்டு, பிறகு ஆழமாகப் புதைத்துவிடுவோம். செடி இருக்கிற சட்டியைச் சுற்றி உப்புத் தூவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நத்தையைக் கொல்வதற்கு முன்னால் மேப்பிளைக் கொன்றுவிடும்.

இனி மார்கழி. ஊட்டியில் இந்நேரம் இலை முழுக்க உதிர்ந்து குச்சியாக நிற்கும். இங்கே பாதி இலை உதிர்கிறது, மீதிப் பாதி பழசாகி, ஓரம் கருத்து, அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாசியில் சில மொட்டுகள் விரிகின்றன, சில மூடினபடியே இருக்கின்றன, சில கிளைகளின் நுனி உலர்ந்துவிடுகிறது. ஒரே செடியில் ஒரு கிளை துளிர்த்தும் இன்னொன்று உறங்கியும் நிற்பதைப் பார்த்தால் நோய் என்று தோன்றும். நோய் இல்லை, குளிர் கிடைக்காத மொட்டுகளின் இயல்பு அது. உலர்ந்த நுனியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை தெரிந்தால் விட்டுவிடுங்கள், பழுப்பாக இருந்தால் பச்சை வருகிற இடம் வரை வெட்டுங்கள். வருஷா வருஷம் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறதால் செடி பெரிதாகாது. எங்களுடையது முழங்கால் உயரத்தைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறது. ஊட்டியில் அதே வயதுச் செடி ஆள் உயரம் நிற்கும்.

ஐஸ்கட்டியைச் சட்டியில் போட்டால் ஆகாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. குளிர் வேண்டியது மொட்டுக்கு. வேரில் ஐஸ் போட்டால் வேருக்கு அதிர்ச்சிதான் மிச்சம். கைக்கு அடக்கமான போன்சாய் சட்டியாக இருந்தால், இலை முழுக்க உதிர்ந்த பிறகு, ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று மாதம் வைக்கிற வழக்கம் வெப்ப நாடுகளில் சில போன்சாய்க்காரர்களிடம் இருக்கிறது. மண் காயாமல் பார்க்க வேண்டும், பக்கத்தில் பழம் இருக்கக் கூடாது, ஏனென்றால் பழம் விடுகிற எத்திலீன் வாயு மொட்டைக் கெடுக்கும். மீன் குழம்பும் மாவுப் பாத்திரமும் இருக்கிற வீட்டு ஃப்ரிட்ஜில் இது நடக்கிற காரியமா என்பதை அவரவர் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் விதை வாங்குவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நீல நிற மேப்பிள், வானவில் மேப்பிள் என்று படம் போட்டு விற்கிறார்கள். நீல இலை உள்ள மேப்பிள் உலகத்திலேயே கிடையாது, அது கம்ப்யூட்டரில் நிறம் மாற்றிய படம். உண்மையான மேப்பிள் விதைக்கு ஒற்றைச் சிறகு இருக்கும். இரண்டு விதை முதுகோடு முதுகு ஒட்டினபடி காய்த்து, விழும்போது சுழன்று சுழன்று இறங்கும். கடுகு மாதிரி உருண்டையாக ஒன்று வந்தால் அது மேப்பிள் இல்லை. நிஜ விதையே கிடைத்தாலும் அதை ஈரமான நார்த் தூளில் பொதிந்து 4 டிகிரி வாக்கில் மூன்று நான்கு மாதம் குளிரில் வைத்த பிறகுதான் முளைக்கும். அப்படி முளைத்தாலும் தாய்ச்செடியின் நிறம் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. ஒட்டுக்கன்று வாங்குவதே சரி, அதுவும் மலைப்பகுதி நர்சரியிலிருந்து, மழைக்காலத் தொடக்கத்தில்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு. இலையின் நிறத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் நம்ம ஊர் மரங்களைக் கவனித்துப் பார்க்க வேண்டும். குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை, அருமனை என்று மேற்கே போனால் மார்கழிக் கடைசியிலும் தையிலும் ரப்பர் தோட்டங்கள் எப்படி நிற்கின்றன? முழுக் குன்றும் மஞ்சளும் செம்புநிறமுமாகி, இலை பொலபொலவென்று உதிர்ந்து, தரையில் நடந்தால் கணுக்கால் வரைக்கும் சலசலக்கும். கொஞ்ச நாளில் அதே கிளைகளில் மினுமினுக்கிற செம்புத் துளிர் தொங்கும். அந்தத் துளிர்க் காம்பின் நுனியில், மூன்று இலைகள் சேருகிற இடத்தில், தேன் சுரக்கிறது. மார்த்தாண்டம் பக்கத்துத் தேன்பெட்டிகள் நிறைவது அந்தச் சீசனில்தான். பாட்டாவுக்கு அந்த நாட்களில் வெட்டு இல்லை. துளிரில் சாம்பல்நோய் விழாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் அவருடைய கவலையெல்லாம். நாம் அந்த வழியே பஸ்ஸில் போய்க்கொண்டே போனில் ஜப்பான் படம் பார்க்கிறோம்.

குளிர்நாட்டு மரம் சிவப்பது இலை உதிர்வதற்கு முன்னால். பச்சையம் சிதைகிறது, இலையில் மிஞ்சின சர்க்கரையும் குளிர்ந்த இரவும் நல்ல வெயிலும் சேர்ந்து ஆந்தோசயனின் என்ற செந்நிறப் பொருளை உண்டாக்குகின்றன. நம்ம மரங்களில் பல அதே ஆந்தோசயனினைப் பிறக்கும்போதே கொண்டுவருகின்றன. பச்சையம் வருவதற்கு முன்னால், இலை தளர்ந்து தொங்குகிற வயதில், வெயிலும் பூச்சியும் தாக்காமல் இருக்க அது உதவுகிறது. மாமரத்தின் துளிரைத் தினமும் பார்க்கிறோம், ஆனால் அது அழகென்று யாரும் மரம் வைப்பதில்லை, மாங்காய்க்குத்தான் வைக்கிறோம்.

நிறத்துக்காக ஒரு மரம் என்றால் என் முதல் தேர்வு நாங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்த மரம், இலங்கையின் தேசிய மரமும் இதுதான். துளிர் வருகிற நாட்களில் மரத்தின் மேல் பாதி முழுக்க இளஞ்சிவப்பும் கருஞ்சிவப்புமாகத் தொங்கும், தூரத்திலிருந்து பார்த்தால் பூ என்றே நினைப்பீர்கள். நிஜமான பூ வெள்ளை, நடுவில் மஞ்சள் மகரந்தம், நல்ல வாசனை. கோபுரம் போலக் கூர்ந்து வளர்கிற உருவம், கத்தரிக்க வேண்டியதில்லை. ரொம்ப மெதுவாக வளரும் என்பதுதான் ஒரே குறை; அதனால் பத்து சென்ட் மனையிலும் பயமில்லாமல் வைக்கலாம். விதை விழுந்தவுடன் ஊன்ற வேண்டும், நாள்பட வைத்தால் முளைப்புத்திறன் போய்விடும். கன்றுக்கு முதல் இரண்டு கோடையில் நிழல் கொடுங்கள்.

அடுத்தது அசோகு. கோவில் வாசலிலும் பள்ளிக்கூடத்திலும் வரிசையாக ஒல்லியாக நிற்கிறதே, அது நெட்டிலிங்கம், அசோகு இல்லை. நிஜ அசோகின் துளிர் செம்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் கொத்தாகத் துணிக்குஞ்சம் போலத் தொங்கும். மாசி, பங்குனியில் தண்டிலேயே ஆரஞ்சும் சிவப்புமாகப் பூக்கும். பாதி நிழல் இதற்குப் போதும், ஈரம் பிடிக்கும். கிணற்றடியிலும் குளியலறைத் தண்ணீர் போகிற ஓரத்திலும் செழிப்பாக வரும். பட்டைக்காக வெட்டி வெட்டி, அழிவு அபாயத்தில் உள்ள மரங்களின் பட்டியலில் இது சேர்ந்துவிட்டது. வீட்டுக்கு ஒன்று வைக்கச் சொல்லி நான் எல்லாரிடமும் கேட்கிறேன்.

உதிரும் இலையே சிவக்க வேண்டும், மேப்பிள் மாதிரியே வேண்டும் என்கிறவர்களுக்கு நாட்டு வாதாம் இருக்கிறது. இதன் இலை விழுவதற்கு முன்னால் மஞ்சள், காவி, ரத்தச் சிவப்பு என்று மாறும். ஒரே கிளையில் மூன்று நிறமும் ஒன்றாக நிற்கும். உப்புக்காற்றுக்கும் மணலுக்கும் அசராது, ஆகவே கடற்கரை ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மரம் இல்லை. பெரிய மரம், கிளைகள் தட்டுத் தட்டாக அகலமாகப் போகும். வீட்டுச் சுவரிலிருந்து இருபது, இருபத்தைந்து அடி தள்ளி வையுங்கள். கிணற்றுக்கு மேலே கிளை வராமல் பாருங்கள், இலை விழுந்து தண்ணீர் பழுப்பாகும். அதே பழுப்பு நீருக்காக இந்தக் காய்ந்த இலையை அலங்கார மீன் வளர்க்கிறவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

மேப்பிள் இலையின் வடிவம்தான் பிடித்திருக்கிறது, இந்த வருஷமே வேண்டும் என்று எங்கள் மகள் கேட்டாள். அவளுக்காக வேலியோரம் சிவப்பிலைச் செம்பருத்தி இனம் ஒன்றை வைத்தோம். புளிச்சகீரையின் நெருங்கின சொந்தம், இலை அச்சு அசல் மேப்பிள் வடிவம், நிறம் திராட்சைச் சிவப்பு, இலையில் இளம் புளிப்பு. கம்பை ஒரு சாண் வெட்டி நட்டால் மழையில் தானாக வேர்விடும், சில மாதத்தில் தோள் உயரம் வரும். நல்ல வெயில் வேண்டும், நிழலில் பச்சையாகிவிடும். வருஷம் ஒரு தடவை வெட்டிவிட்டுப் புதுக் கம்பு நட்டுக்கொள்ள வேண்டும். துளிரை மீன் குழம்பில் புளிக்குப் பதிலாகப் போட்டும் பார்த்துவிட்டோம், நன்றாகவே இருந்தது.

நர்சரியில் சிவப்பு இலை மரம் என்று கேட்டால் பல இடத்தில் எடுத்துக் கொடுப்பது, முட்டை வடிவத்தில் மூன்று மூன்றாகக் கருஞ்சிவப்பு இலை வைக்கிற ஒரு கள்ளிக் குடும்பத்துச் செடி. பார்க்க அருமையாக இருக்கும், வெயிலிலும் நிறம் மாறாது. ஆனால் காம்பை ஒடித்தால் பால் வரும். அந்தப் பால் தோலில் பட்டால் எரிச்சல், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. சின்னப் பிள்ளைகள், ஆடு மாடு இருக்கிற வீட்டில் வேண்டாம். வாங்குவதற்கு முன்னால் ஒரு இலையைக் கிள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள், பால் வந்தால் நர்சரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அக்கா வீட்டுக்கு இப்போது கேட்டு வைத்திருப்பது நாட்டு வாதாம் கன்று. அந்தக் காற்றைத் தாங்கி மண்ணில் நிற்க அதுதான் சரி என்று அத்தானும் ஒத்துக்கொண்டார். வரும் ஆனிச் சாரலுக்கு முன்னால் இரண்டடிக் குழி வெட்டி, தெற்கு வேலியோரம் வைக்கப் போகிறோம். மேப்பிள் சட்டி அதே கிழக்கு மூலையில் இருக்கட்டும்.